ரசப்பொடிக்கு அடுத்த பாட்டு

எனக்கு ஆஸ்திரேலியப் பாட்டு கொஞ்சம் தெரியும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. முகராசி அப்படி. கோயிலில் கூழ் ஊற்றும் வரிசையில் சொம்போடு நிற்கிறவன் மாதிரி இருக்கிறேன் என்று என் பெண்டாட்டியே சொல்லியிருக்கிறாள். சரி, என்னென்ன பாட்டு தெரியும் என்று யாராவது கேட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். "ரசப்பொடி, பல்வலி, பக்கத்து வீட்டு நாய், மாமாவின் ஸ்வெட்டர்" என்று வரிசையாகச் சொல்வேன். கேட்டவர் மெதுவாக எழுந்து வேறு நாற்காலி தேடிப் போவார்.

அவை பாட்டுகளின் சொந்தப் பெயர்கள் இல்லை. நான் வைத்தவை. அதைப் புரியவைக்க வேண்டுமென்றால் எண்பதுகளின் கடைசிக்குப் போய், திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டு டூ இன் ஒன் டேப்ரெக்கார்டர் முன்னால் உட்கார வேண்டும்.

அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு மாமா, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் டூல் ரூமில் வேலை பார்த்தவர். இரும்பில் அச்சு வெட்டுவதில் கெட்டிக்காரர். மெல்போர்னில் ஏதோ ஒரு கம்பெனிக்கு அப்படி ஒரு கை தேவைப்பட, விமானம் ஏறிவிட்டார். கொஞ்ச நாள் கழித்து அக்காவும் போனாள். எங்கள் தெருவில் துபாய் போனவர்கள் உண்டு, மஸ்கட் போனவர்கள் உண்டு. ஆஸ்திரேலியா அக்காதான் முதல். அது எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கு ஒரு சாத்துக்குடியை வைத்து விளக்கினேன்.

"அப்ப எம் பொண்ணு அடியிலயா கீறா?" என்றாள் அம்மா.

"அடின்னு ஒண்ணும் இல்லம்மா. உருண்டதான."

"நீ காட்டுன எடம் அடிதான?"

அந்தச் சாத்துக்குடியை அம்மா யாரையும் உரிக்கவிடவில்லை. அழுகிய பிறகுதான் வீட்டைவிட்டுப் போனது.

அம்மாவுக்குப் படிக்க வராது. அதனால் கடிதம் வேண்டாம், கேசட் அனுப்பு என்று ஏற்பாடு. இது அக்கா கண்டுபிடித்ததில்லை. துபாய் வீடுகளில் எல்லாம் அப்படித்தான். அங்கிருந்து பேசிப் பதிந்து அனுப்புவார்கள், இங்கே குடும்பம் சுற்றி உட்கார்ந்து கேட்டு அழும், பிறகு தெருவும் வந்து கேட்டு அழும். எங்கள் தெருவில் ஒரு கல்யாணம் நல்லபடியாக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள ஜாதகக்காரரிடம் போக வேண்டியதில்லை. பெண் எவ்வளவு நேரம் பேசியிருக்கிறாள் என்று பார்த்தால் போதும். ஒரு பக்கம் முழுக்கப் பேசினால் அமோகம். பாதிப் பக்கம் என்றால் பரவாயில்லை. அதற்கும் கீழே போனால் குழாயடியில் பேச்சு கிளம்பிவிடும்.

"துபாய் ஊட்டுப் பொண்ணு ரெண்டு பக்கமும் பேசிக்கீதாம்" என்று யாராவது சொன்னால் அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொல்வாள், "எம் பொண்ணுக்கு அங்க வேல வெட்டி கீதுமா."

அக்காவின் முதல் கேசட் வந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் நினைவிருக்கிறது. அம்மா குளித்து, தலையைத் துவட்டி, ஏதோ பெண் பார்க்க வருகிற மாதிரி உட்கார்ந்தாள். அப்பா பக்கத்தில். அப்பாவுக்கு எஸ்டேட்டில் தகடு அடிக்கிற பவர் பிரஸ்ஸில் வேலை. காலமெல்லாம் அந்த இடியைக் கேட்டு அவருக்குக் காது பாதி போய்விட்டது, அதனால் ஸ்பீக்கருக்கு முகத்தை ஒட்டி உட்கார்ந்தார். நான் பட்டனை அழுத்தினேன்.

அக்கா பேசினாள். குளிரைப் பற்றிப் பேசினாள், மாமாவின் ஸ்வெட்டரைப் பற்றிப் பேசினாள், பேச்சே வராத பக்கத்து வீட்டுக் கிழவியைப் பற்றிப் பேசினாள். கடைசியில், "எம்மா, ரசப்பொடி தீந்துட்ச்சி. அடுத்த தபா இவரோட சிநேகிதர் வரும்போது கண்டிப்பா குட்த்தனுப்பு. சரி, வெச்சிடறேன்" என்றாள். டக்.

அந்த 'டக்'குக்குப் பிறகு இன்னொன்று வந்தது.

தும்... தும்... தும்... என்று ஒரு அடி. மனுஷன் அடிக்கிற அடி இல்லை, ஏதோ மெஷின் அடிக்கிறது. அதற்கு மேல் எங்கேயோ தூரத்தில் வெல்டிங் பொறி பறக்கிற மாதிரி ஒரு கீச்சு. அப்புறம் ஒரு பெண் குரல். பாடவில்லை, அழவில்லை, கெஞ்சவில்லை. மளிகைச் சாமான் சீட்டைப் படிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போகிறாள். ஆனால் எனக்கு முதுகில் மயிர் சிலிர்த்தது.

அம்மாவின் விரல் பாய்ந்து வந்து நிறுத்திவிட்டது. கேசட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அம்மாவின் சட்டம் அது. மகள் பேச்சு முடிந்த இடத்தில் டேப் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஓடவிடுவது, சாப்பிட்டு முடித்த இலையின் முன்னால் உட்கார்ந்தே இருக்கிற மாதிரி.

"இன்னாடா அது கடைசில?" என்றார் அப்பா.

"பாட்டு, நைனா."

"பாட்டா? நம்ப ஷாப்ல மூணாவது பிரஸ் அப்படித்தான் சத்தம் போடுது. பெல்ட்டு லூசு. அத கேக்க ஆஸ்திரேலியா போவணுமா?"

எப்படி அந்தப் பாட்டு அங்கே வந்தது என்று பிற்பாடு தெரிந்தது. அந்த ஊரில் சனிக்கிழமையானால் வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி வைத்து விற்பார்களாம். மாமா அங்கே ஒரு அட்டைப்பெட்டி நிறைய பழைய கேசட் வாங்கியிருந்தார். யாரோ ஒரு காலேஜ் பிள்ளை உள்ளூர் ரேடியோவிலிருந்து பதிந்து வைத்திருந்தவை. அக்கா அதன் மேலேயே பேசி அனுப்பினாள். அவள் பேச்சு முடிகிற இடத்தில் அந்தப் பிள்ளையின் பாட்டு தலையை நீட்டியது.

அம்மா தண்ணிக்குப் போகிற நேரமெல்லாம் நான் அந்த மிச்சத்தைக் கேட்டேன். அதுவரை எனக்குப் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. ஒரு ஹீரோ, ஒரு ஹீரோயின், ஒரு மலை. இந்தப் பாட்டில் ஹீரோவும் இல்லை, மலையும் இல்லை. ஒன்று முடிந்து இன்னொன்று வரும். ஒன்றில் கிடாரை கிரைண்டிங் வீலில் பிடித்த மாதிரி இரைச்சல், அந்த இரைச்சலுக்கு உள்ளே ஒருத்தன் தூக்கம் வராதவன் மாதிரி முனகுவான். இன்னொன்றில் பாடுகிறவரே கிடையாது, பெட்டி ஒன்று தானாகக் கூவும். நடுவில் அறிவிப்பாளர் வந்து சிட்னி, பிரிஸ்பேன், மெல்போர்ன் என்று ஊர்ப்பெயர் சொல்வார். பாடியவர் பெயரையும் சொல்வார். ஆனால் அவர் பேசுகிற இங்கிலீசும் நான் படித்த இங்கிலீசும் ஒரே தெருவில்கூட வசித்ததில்லை.

நான் அப்போது எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன். நாள் முழுக்க கேஜ் என்கிற அளவுக் கம்பியை ஓட்டையில் விட்டுப் பார்ப்பேன். போனால் பாஸ், போகாவிட்டால் ரிஜெக்ட். அதற்கு மேல் மூளைக்கு வேலை கிடையாது. நாலாபக்கமும் பிரஸ் அடிக்கும், கம்ப்ரஸர் இரையும், கட்டிங் மெஷின் அலறும். அதுவரை அது எனக்குத் தலைவலி. அந்தக் கேசட்டைக் கேட்ட பிறகு அதே சத்தத்தில் ஒரு தாளம் கேட்க ஆரம்பித்தது. எங்கேயோ உலகத்தின் அடியில் ஒருத்தன் இதே மாதிரி ஒரு ஷெட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்து, இந்தச் சத்தத்தைத் திட்டாமல் எடுத்துப் பாட்டில் போட்டிருக்கிறான் என்று தோன்றியது. எனக்கு அவன் மேல் ஒரு பங்காளிப் பாசம்.

கேஜைத் தட்டித் தாளம் போட்டதற்கு சூப்பர்வைசர் ஒருமுறை மெமோ கொடுத்தார். அது வேறு கதை.

கேசட்டுகள் சேரச் சேர, அக்காவின் பேச்சுக்குப் பின்னால் இருக்கிற பாட்டுகளை மட்டும் தனியாக எடுத்து வைக்க ஆசை வந்தது. ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. லிஸ்ட்டும் காலிக் கேசட்டும் கொடுத்தால் வேண்டிய பாட்டைப் பதிந்து, அட்டையில் அழகாக எழுதியும் கொடுப்பார் கடைக்காரர். நான் நீட்டியதைப் போட்டுக் கேட்டார். கொஞ்ச நேரம் என்னையும் பார்த்தார், ஸ்பீக்கரையும் பார்த்தார்.

"படம் பேர் இன்னா, பா?"

"படம் இல்ல, அண்ணாத்தே."

"பாடனது யாரு?"

"தெரியல."

"மூசிக்கு?"

"அதுவும் தெரியல."

"அட்டைல இன்னாதான் எழுதறது? வெறுமனே குடுத்தா கடை பேர் கெட்டுடும்."

அப்போதுதான் முதல் பாட்டுக்கு 'ரசப்பொடி' என்று பெயர் வைத்தேன். அக்கா எதைச் சொல்லி முடித்தாளோ அதுதான் பாட்டின் பெயர். பல் வலிக்கிறது என்று முடித்தால் 'பல்வலி'. பக்கத்து வீட்டு நாய் ராத்திரியெல்லாம் குரைக்கிறது என்று முடித்தால் 'பக்கத்து வீட்டு நாய்'. கடைக்காரர் கலர் பேனாவில் அத்தனையும் எழுதினார். தலைப்பு என்று கேட்டபோது 'அக்கா' என்றேன். அதற்குக் கீழே அவரே இரண்டு பூ வரைந்து கொடுத்தார்.

எங்கள் வீட்டிலிருந்து பதில் கேசட் போகும்போது எல்லோரும் வரிசையாகப் பேசுவோம். அம்மா அழுது முடித்து, அப்பா "நல்லாக்கீறோம்" என்று மைக்கை முழுங்கிவிடுகிற மாதிரி கத்தி முடித்து, கடைசியில் என் முறை. ஒருமுறை நான் சொன்னேன்.

"யக்கா, நீ பேசறது ஒரே போர். சுருக்கமா முடிச்சுக்க. உன் பேச்சுக்குப் பின்னாடி வருதே பாட்டு, அதான் சூப்பரா கீது. பாட்ட ஜாஸ்தி பண்ணு, பேச்ச கம்மி பண்ணு."

அம்மா என் மண்டையில் ஒன்று வைத்தாள். 'நங்' என்று அதுவும் பதிவானது. எல்லோரும் சிரித்தோம். கேசட்டை ஒட்டி அனுப்பிவிட்டோம். அதோடு நான் அதை மறந்தேன். அதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் வீட்டில் நான் சொல்லி யாரும் எதையும் செய்ததாகச் சரித்திரம் கிடையாது. விசிறியை நிறுத்து என்றால்கூட அப்பா இன்னும் கொஞ்சம் வேகமாக வைப்பார்.

அடுத்த கேசட் வர வழக்கத்தைவிட நாளானது. வந்தது. குளித்தோம், உட்கார்ந்தோம், பட்டனை அழுத்தினேன்.

"எம்மா, நைனா, எல்லாம் நல்லாக்கீறீங்களா? நாங்க நல்லாக்கீறோம். ஒடம்ப பாத்துக்கோங்க. அவ்ளோதான். வெச்சிடறேன்."

டக். கிடார் அலறியது.

அம்மாவின் விரல் நிறுத்தப் போகவில்லை. இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். கிடார்தான் வந்தது.

"எங்கடா பேச்சு?"

ஓட்டிப் பார்த்தேன். நடுவில் அங்கங்கே நிறுத்திக் கேட்டேன். பாட்டு. மறுபக்கம் திருப்பிப் போட்டேன். அங்கேயும் பாட்டு. அம்மா கையை நீட்டித் தானே நிறுத்தினாள். கேசட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சொன்னா?" என்றார் அப்பா.

"நல்லாக்கீறாளாம்" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் நைனா."

அப்பா ஜோக்கு எதுவும் அடிக்கவில்லை. அது எனக்கு நல்லதாகப் படவில்லை.

அம்மா ராத்திரி சாப்பிடும்போது மெல்லச் சொன்னாள். "பக்கத்துல யாரோ நின்னுக்கினு, போதும் நிறுத்துன்னு சொன்னா மாதிரி கீதுடா. எம் பொண்ணு அப்டி பேசறவளா? பஸ் கண்டக்டரோட பேசிக்கினே எறங்கற எடத்த உட்டவ அவ."

மாமா அப்படிப்பட்டவர் இல்லை என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். சொல்லச் சொல்ல அவர் அப்படிப்பட்டவராக மாறிக்கொண்டே வந்தார். அம்மா வாசலுக்கு வருவதைக் குறைத்தாள். ஆனாலும் குழாயடிக்குப் போகாமல் இருக்க முடியாதே. "இன்னாமா, ஆஸ்திரேலியா கேசட்டு வந்திச்சாமே, எங்கள கூப்புடவே இல்ல" என்று ஒருத்தி ஆரம்பிக்க, இன்னொருத்தி, "கூப்ட்டு இன்னா பண்றது, ஒரு நிமிசம் கூட பேசலியாம்" என்று முடித்தாள். வெளியே எப்படிப் போனது? அப்பாவுக்காக நாங்கள் டேப்பைச் சத்தமாக வைப்பதால் எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அம்மா பாதிக் குடத்தோடு திரும்பி வந்தாள்.

எனக்கு என்ன நிலைமை என்றால், அம்மா அழுகிறாள், அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார், அக்காவுக்கு என்ன ஆனதோ என்று நானும் கேஜைத் தப்பு ஓட்டையில் விடுகிறேன். அதற்கு நடுவிலும், இரண்டு பக்கமும் முழுக்கப் பாட்டு உள்ள ஒரு கேசட் வீட்டில் இருக்கிறது என்று மனசின் ஒரு மூலை அரித்துக்கொண்டே இருந்தது. என்ன ஜென்மமோ.

போன் போடலாம் என்றேன். அக்கா வீட்டில் போன் இல்லை, வீட்டுச் சொந்தக்காரர் மேல்மாடியில் இருந்தார், அவர் நம்பர் மாமா கொடுத்திருந்தார். அம்பத்தூரில் ஐ.எஸ்.டி. பூத்துக்கு அம்மாவை ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். சாயங்காலம். சாத்துக்குடியை மனசில் உருட்டிப் பார்த்து, இங்கே சாயங்காலம் என்றால் அங்கே மதியம் என்று கணக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டோம். எடுக்கவில்லை.

"ஊட்ல ஒரு ஆள் கூடவா இருக்கமாட்டாங்க பட்டப்பகல்ல?" என்றாள் அம்மா.

சாத்துக்குடியை நான் தலைகீழாக உருட்டியிருந்தேன். அங்கே பட்டப்பகல் இல்லை, ஊர் அடங்கிய நேரம். பாவம் அந்தச் சொந்தக்காரர், தூக்கத்தில் போனைத் திட்டிக்கொண்டு புரண்டு படுத்திருப்பார். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. ரயிலில் திரும்பி வரும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

செவ்வாய்க்கிழமை அம்மா திருவேற்காட்டுக் கருமாரியம்மன் கோயிலுக்குப் போனாள், கேசட்டோடு. அர்ச்சனைத் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, நடுவில் கேசட்.

"இத கொஞ்சம் அம்மா காலாண்ட வெச்சு குடு சாமி" என்று அம்மா கேட்க, பூசாரி தயங்கினார்.

"இதுல இன்னாமா கீது?"

"எம் பொண்ணு."

அவர் தட்டை வாங்கிக்கொண்டார். வைத்துக் கொடுத்தார். நான் பின்னால் நின்று கும்பிட்டுக்கொண்டேன். இந்த உலகத்தில் கருமாரி காலடிக்குப் போய் வந்த ஒரே ஆஸ்திரேலிய கிடார் சத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

கேசட்டின் மேல் குங்குமம் ஒட்டியிருந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். தொட்டால் கை ஒடியும் என்று சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்பா தூங்குகிறார். அம்மா லாரித் தண்ணிக்கு வரிசையில் நிற்கிறாள். நான் சாமி படத்தையும் கேசட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். 'அம்மா தாயே, ஒரே ஒரு பாட்டு' என்று கேட்டுக்கொண்டு எடுத்தேன். குங்குமத்தைத் துடைக்க மனசு வராமல் அப்படியே உள்ளே தள்ளினேன். சத்தத்தைக் குறைத்து, முதல் கிடார் பாட்டை ஓட்டித் தள்ளிவிட்டுக் கேட்டேன்.

மெதுவான பாட்டு. மெஷின் தாளம்தான், ஆனால் களைத்துப்போன மெஷின். நாலு அடி அடித்து நிற்கும். அந்த நிறுத்தத்தில் ஒன்றுமே இருக்காது. மறுபடி நாலு அடி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இவ்வளவு நல்ல பாட்டைத் திருடிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று இருந்தது.

"எடுத்துட்டியா?"

அம்மா வாசலில் குடத்தோடு. நான் துள்ளி எழுந்தேன். குடத்தை அப்படியே வாசலில் வைத்துவிட்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"ஒரு பொண்ணு அங்க இன்னா கதியோன்னு நான் செத்துக்கினு கீறேன், உனுக்கு டங்கு டங்குன்னு பாட்டு கேக்குதா, பேமானி?"

நிறுத்தும் பட்டனில் விரலை வைத்தாள். அழுத்தவில்லை.

பாட்டு நின்ற இடைவெளியில் படபடவென்று ஒரு சத்தம் வந்தது. சன்னமாக, தூரத்திலிருந்து. பிறகு 'சொர்ர்' என்று ஒரு இழுப்பு.

"இது இன்னாடா?"

"அது... பாட்டுல வர சத்தம்மா. அந்த ஊர்ல இப்டியெல்லாம்..."

"கடுகுடா அது" என்றாள் அம்மா. குரல் மாறியிருந்தது. "தாளிக்கிறா. கடுகு வெடிச்சிது பாரு, இப்ப கருவேப்பில போட்டா. கேளு."

நாலு அடி. மறுபடி நிறுத்தம். கரண்டி சட்டியில் உரசியது. ஒரு குக்கர் விசில் அடித்தது, நீளமாக, பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத சுருதியில். அம்மா அப்படியே டேப்ரெக்கார்டர் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சத்தத்தைக் கூட்டினேன்.

பாட்டு முடிகிற இடத்தில் மாமா குரல். "இன்னும் ஆவலியா? பசி உயிரு போவுது."

அக்கா குசுகுசுவென்று சீறினாள். "ஐயோ கத்தாதீங்க, ரேடியோ பக்கத்துல டேப்ப வெச்சிக்கீறேன். தம்பிக்குப் பாட்டு புடிக்கறேன். நம்ப பேசறதெல்லாம் பதிவாயிடும். அவன்தான் என் பேச்சு போர் அடிக்குதுன்னான், அதான் நானே நாலு வார்த்தையில முடிச்சிக்கினேன்."

"ரெண்டு பக்கமும் வாய மூடிக்கினு இருக்கப் போறியா நீ? உன்னால முடியுமா?"

அக்கா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு, மூக்கில் வருவது. மாமாவும் சிரித்தார். மாமா சிரித்தே நாங்கள் கேட்டதில்லை. அடுத்த பாட்டு ஆரம்பித்தது.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அந்தத் திரும்பல் எனக்குப் பிடிக்கவில்லை.

"நீ சொன்னியா? பேச்ச கம்மி பண்ணுன்னு?"

"எம்மா, அன்னிக்கே நீ அதுக்கு மண்டைல அடிச்சிட்ட. கணக்கு முடிஞ்சிது."

"அது வட்டி. மொதலு இப்ப" என்று துடைப்பத்தைத் தேடினாள்.

நான் வாசலுக்கு ஓடி, அங்கே வைத்திருந்த குடத்தில் கால் இடற, லாரித் தண்ணி தெருவெல்லாம் ஓடியது. வேறு ஒரு நாளாக இருந்தால் அந்தத் தண்ணிக்காக என்னைக் கொன்றிருப்பாள். அன்றைக்கு அம்மா படியில் நின்று சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அழுகையாகி, மறுபடி சிரிப்பாகியது. சத்தத்தில் அப்பா எழுந்து வந்தார்.

"இன்னா ஆச்சி? இன்னா ஆச்சி?"

"உம் பொண்ணு சாம்பார் வெக்கறா!" என்று அம்மா அவர் காதில் கத்தினாள்.

"எங்க?"

"இதுல!"

அப்பா ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். அவருக்குக் குக்கர் விசில் மட்டும்தான் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். நிமிர்ந்து, "பெல்ட்டு சரி பண்ணிட்டாங்க போலகீது. இப்ப நல்லா ஓடுது" என்றார். ஜோக்கு திரும்பி வந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அன்று சாயங்காலம் அம்மா தெருவையே கூப்பிட்டாள். குழாயடிக் கூட்டம் மொத்தமும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, எங்கிருந்தோ வந்த அந்த மெஷின் பாட்டைப் பக்தியோடு கேட்டது. நான் இத்தனை நாள் கெஞ்சியும் என் ஃப்ரெண்டுகள்கூட ஒரு பாட்டு முழுசாகக் கேட்டதில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். கடுகு வெடித்ததும், "தா, போட்டா பாரு" என்று ஒருத்தி கை தட்டினாள். துபாய் வீட்டம்மாவே ஒப்புக்கொண்டாள், "எம் பொண்ணு பேசுது, ஆனா சமைக்கறதெல்லாம் கேக்க உடறது இல்லமா."

பதில் கேசட்டில் அம்மா முதலில் உட்கார்ந்தாள். "நீ தாளிச்சது கேட்டிச்சி. கடுகு கொஞ்சம் தீஞ்சா மாதிரி கீதே, அடுப்ப சின்னதா வெக்க மாட்டியா? நீ பேசு கண்ணு. நிறைய பேசு. அவனுக்குத் தனியா ஒரு கேசட்ல அனுப்பு, கெடக்கறான்." என் முறை வந்தபோது மைக்கைக் கையால் மூடிக்கொண்டாள். அப்பா மட்டும், "நல்லாக்கீறோம்" என்றார், வழக்கம்போல் கத்தி.

அடுத்த பார்சலில் இரண்டு கேசட் இருந்தன. ஒன்றில் பூ வரைந்து 'தம்பிக்கு' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'அம்மாவுக்கு'. அம்மாவுடையதை முதலில் போட்டோம். அக்கா பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். உருளைக்கிழங்கு விலை, டிராமில் பார்த்த நாய்க்குட்டி, மாமாவின் ஷூ, மழை, மறுபடி உருளைக்கிழங்கு. ஒரு பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டேன். அப்பா சுவரில் சாய்ந்து குறட்டை விட்டார். அம்மா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கல் பொறுக்குகிற கை நின்றது. முறம் மடியில் சாய்ந்தது. போன கேசட்டுக்கு ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தவள், சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள்.

என் கேசட் என் மடியில் பிரிக்காமல் கிடந்தது. உள்ளே என்னென்ன பாட்டோ. இப்போது மாற்றிப் போட்டால் யாருக்கும் தெரியாது. பட்டனில் விரலை வைத்தேன். அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள், "...அப்பறம் எம்மா, அந்தப் பக்கத்து ஊட்டு நாய் கீதே..."

விரலை எடுத்துக்கொண்டேன். நாய் என்ன ஆனது என்று நானும் உட்கார்ந்து கேட்டேன்.